நெடுந்தொடர் அறிபுனை உலகில் பரிசோதனைச் சிறுகதை எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் முதல் பகுதி ஒளிபரப்பான, டாக்டர் என்ற காலப்பயணியைப் பற்றிய டாக்டர் ஹூ, 1966 செப்டம்பரில் தொடங்கிய, விண்கப்பல் குழுவினரைப் பற்றிய ஸ்டார் ட்ரெக், 1961 முதல் ஜெர்மன் மொழியில் வாரந்தோறும் வெளிவந்து மூவாயிரம் இதழ்களைத் தாண்டிவிட்ட பெரி ரோடான் ஆகிய அறிபுனைத் (அறிவியல் புனைவுத்) தொடர்கள் தனியொருவர் கற்பனைக்குள் அடங்குபவை அல்ல. தலைமுறை தலைமுறையாக எழுத்தாளர்கள் கைமாற்றி வளர்த்துவரும் உலகங்கள் அவை. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் நின்றுகொண்டு, வழக்கமான சாகசக் கதையாக இல்லாமல், சொல்லும் முறையிலேயே புதுமை செய்யும் சிறுகதை ஒன்றை எழுத விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை டாக்டர் ஹூவிலிருந்து வருகின்றன. வடிவச் சோதனைகளுக்கு அதைவிட இடம் தரும் தொடர் வேறில்லை என்பது என் கருத்து.

பரிசோதனைக் கதை என்றாலே வாசகருக்குப் புரியாமல் போய்விடும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. நெடுந்தொடர் உலகில் அந்த அச்சத்துக்குக் காரணம் குறைவு. புதிதாக ஓர் உலகைப் படைப்பவர் அதன் கிரகங்களையும் கருவிகளையும் ஆட்சிமுறையையும் அறிமுகப்படுத்தவே கதையின் கணிசமான பகுதியைச் செலவிட வேண்டியிருக்கிறது. தொடரின் வாசகருக்கோ அவையெல்லாம் மனப்பாடம். விளக்கத்துக்குப் போயிருக்க வேண்டிய சொற்கள் அத்தனையும் இங்கே வடிவத்துக்கு மிச்சமாகின்றன. இந்தச் சலுகையைப் பெறுவதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: நீங்கள் தேர்ந்தெடுக்கும் வடிவம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டதாக இருக்கக் கூடாது, அந்த உலகின் விதி ஒன்றிலிருந்து முளைத்ததாக இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த நிபந்தனையை நிறைவேற்றும் வழிகளே.

படி 1: ஒரே ஒரு விதியைத் தேர்ந்தெடுங்கள்

தொடரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பாத்திரங்களின் பெயர்களும் போர்களின் வரிசையும் வேண்டாம். அந்த உலகில் மட்டுமே நடக்கக்கூடியவற்றை எழுதுங்கள். டாக்டர் ஹூவை எடுத்துக்கொண்டால், சாகும் தறுவாயில் டாக்டரின் உடல் வேறோர் உடலாகப் புதுப்பிக்கப்படும் என்பது ஒரு விதி. 1966இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை நலிந்து, அவருடைய இடத்துக்குப் பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தபோது, நடிகரை மாற்ற வேண்டிய நடைமுறைத் தேவையிலிருந்து அந்த விதி பிறந்தது. இப்படிப் புதுப்பித்துக்கொள்ளப் பன்னிரண்டு முறைதான் வாய்ப்பு என்று 1976இல் வந்த ஒரு கதை வரம்பு விதித்தது. டாக்டர் காலத்தில் பயணம் செய்யும் கலமான டார்டிஸ் வெளியே சிறியது, உள்ளே பெரியது என்பது இன்னொரு விதி. சூழலுக்கேற்ப உருமாற வேண்டிய அந்தக் கலம் பழுதாகி, பிரிட்டன் தெருக்களில் ஒரு காலத்தில் நின்ற காவல்துறைத் தொலைபேசிப் பெட்டியின் உருவத்திலேயே தங்கிவிட்டது என்பது மற்றொன்று.

பட்டியல் முடிந்ததும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தொடரை ஓரளவு பார்த்தவருக்கும் இந்த விதி தெரியுமா? மனிதர் எவருக்கும் இயல்பாக உள்ள ஒரு கவலையை இது தொடுகிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்பது பதிலானால், கதை விளக்கவுரையாக மாறிவிடும். இரண்டாவதற்கு இல்லை என்பது பதிலானால், வடிவம் வெறும் கழைக்கூத்தாக நின்றுவிடும். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வரும் விதிகள் பலவாக இருந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த கதைகளுக்கு ஒதுக்குங்கள். இரண்டு விதிகள் ஒரே சிறுகதையில் போட்டியிடும்போது வாசகர் எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்.

படி 2: விதியை வடிவமாக மாற்றுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள். விதியைக் கதையில் ஒரு நிகழ்ச்சியாகச் சொல்வது வழக்கமான முறை. அதை வாசகர் கண்முன் தாளிலேயே நிகழ்த்திக் காட்டுவது பரிசோதனை முறை. உடல் புதுப்பிக்கப்படுவதை எடுத்துக்கொள்வோம். "அவர் முகம் மாறியது, குரல் மாறியது" என்று எழுதினால் அது செய்தி. டாக்டரே கதைசொல்லியாக இருந்து, கதையின் நடுவே அறிவிப்பு எதுவும் இல்லாமல் அவருடைய வாக்கியங்களின் நீளமும், சொல் தேர்வும், எதைக் கவனிக்கிறார் என்பதும் மாறிவிட்டால், வாசகரே அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறார். முதற்பாதியில் மனிதர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர் இரண்டாம் பாதியில் கதவுகளையும் வெளியேறும் வழிகளையும் பார்க்கத் தொடங்குகிறார். நினைவுகள் அவையே, நினைப்பவர் வேறு. தன் நண்பர்மீது அவர் வைத்திருந்த அன்பு இந்த மாற்றத்தில் தப்பியதா என்ற கேள்வியை எழுதாமலேயே எழுப்ப முடியும்.

ஸ்டார் ட்ரெக்கில் ஆட்களை ஓரிடத்தில் கரைத்து இன்னோரிடத்தில் உருவாக்கும் டிரான்ஸ்போர்ட்டர் உண்டு. 1993இல் வந்த ஒரு பகுதியில், எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த கோளாறு ஒன்றால் கப்பல் அதிகாரி வில்லியம் ரைக்கர் இருவராகிவிட்டிருந்தது தெரியவருகிறது. ஒருவர் கப்பலில் உயர்ந்த பதவியில் இருக்கிறார்; மற்றவர் கைவிடப்பட்ட நிலையத்தில் தனியாகக் கிடந்திருக்கிறார். இந்த விதியின் வடிவம் இரட்டைப் பத்தி. ஒரே பத்தியை இரண்டு முறை எழுதுங்கள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் ஒரு வினைச்சொல் மட்டும் வேறுபடட்டும். அடுத்த இணையில் இரண்டு சொற்கள், அதற்கடுத்ததில் ஒரு வாக்கியம் என வேறுபாடு பெருகிக்கொண்டே போய், கடைசி இணையில் பொதுவான சொல் ஒன்றே ஒன்று மிஞ்சட்டும். அந்தச் சொல் எது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எழுதிவருவது எளிது.

அதே தொடரில் 1991இல் வந்த இன்னொரு பகுதி, தங்கள் பழங்கதைகளின் நிகழ்ச்சிகளைச் சுட்டியே எல்லாவற்றையும் பேசும் ஓர் இனத்தைக் காட்டியது. அந்தக் கதைகள் தெரியாத கேப்டனுக்குச் சொற்கள் கேட்கின்றன, பொருள் கிடைப்பதில்லை. ஒருவரைச் சகுனி என்று சொன்னவுடன் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாத மொழியில் எழுதும் நமக்கு இந்த முறை கைவந்தது. உரையாடல் முழுவதும் தொடரின் பழைய நிகழ்ச்சிகளைச் சுட்டும் சொற்றொடர்களால் மட்டுமே ஆன கதை ஒன்றை எழுதிப் பாருங்கள். இரண்டு நெடுநாள் நண்பர்கள் பிரியும் காட்சிக்கு அது மிகப் பொருந்தும்.

விதி கதைக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்பதற்கு நான் ஏற்றுக்கொள்ளும் விலக்கு ஒன்று உண்டு. 1967க்கும் 1978க்கும் இடையில் பிபிசி தன் பழைய ஒளிப்பதிவுகள் பலவற்றை அழித்தது. டாக்டர் ஹூவின் முதல் ஆறு ஆண்டுகளின் 253 பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஒளிபரப்பான நேரத்தில் ரசிகர்கள் தொலைக்காட்சியிலிருந்து ஒலியை மட்டும் பதிவு செய்து வைத்திருந்ததால், தொலைந்த பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. ஜான் க்யூரா என்பவர் தொலைக்காட்சித் திரையை நேரடியாகப் படம் பிடித்ததால், பல பகுதிகளுக்கு அசையாப் படங்களும் இருக்கின்றன. 2013இல் நைஜீரியாவின் ஜாஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையம் ஒன்றிலிருந்து ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்ட செய்தி வந்தது. காலத்தில் பயணம் செய்கிறவரைப் பற்றிய தொடரின் காலமே இப்படிச் சிதைந்து கிடப்பது தற்செயல்தான் என்றாலும், எழுதுகிறவருக்கு அது பெரிய கொடை. கதையை ஒலிக்குறிப்புகளாகவும் படவிளக்கங்களாகவும் மட்டும் எழுதலாம்: காலடி ஓசை, கதவு, ஒரு பெண்ணின் பாதிச் சொல்; அடுத்து, முகம் திரும்பியிருக்கும் ஒரு படம். ஒலியும் படமும் ஒன்றோடொன்று பொருந்தாத ஓர் இடத்தில் கதையின் ரகசியத்தை வையுங்கள்.

படி 3: யார் எழுதுகிறார், ஏன் எழுதுகிறார்?

கடிதம், பதிவேடு, விசாரணை வாக்குமூலம் போன்ற ஆவண வடிவங்களைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆவணத்தை எழுதுகிறவருக்கு எழுத வேண்டிய கட்டாயம் இருக்க வேண்டும். 2005இல் எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபாட் டாக்டர் ஹூ ஆண்டு மலருக்கு எழுதிய சிறுகதை ஒன்று, விடுமுறையில் என்ன செய்தாய் என்று பள்ளியில் கேட்கப்பட்ட கட்டுரையாகவே அமைந்திருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஆசிரியைக்காக எழுதுகிறாள். ஆகவே அவள் அறிந்ததையும் அறியாததையும் வாசகரால் பிரித்துப் பார்க்க முடிகிறது. 2007இல் வந்த புகழ்பெற்ற 'பிளிங்க்' என்ற டாக்டர் ஹூ பகுதி அந்தக் கதையிலிருந்து வளர்ந்ததுதான்.

இந்தப் படியை ஒரு மாதிரியோடு செய்து பார்ப்போம். டாக்டர் ஹூவின் முதற்காட்சியில், இரவு ரோந்து செல்லும் காவலர் ஒருவர் பழைய பொருள் கிடங்கின் வாயிற்கதவில் கைவிளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதன்பின்னரே கேமரா உள்ளே நுழைந்து அந்தப் பெட்டியைக் காட்டுகிறது. பெயரில்லாத அந்தக் காவலரை எடுத்துக்கொள்வோம். நம் விதி, காவல்துறைத் தொலைபேசிப் பெட்டியின் உருவத்தில் நிற்கும் காலக்கலம். தன் சரகத்தில் உள்ள பெட்டிகள் எவை என்பது காவலருக்குத் தெரியும். பட்டியலில் இல்லாத பெட்டியைக் கண்டால் பதிவேட்டில் எழுதுவது அவருடைய கடமை. நேரத்தையும் குறிக்க வேண்டும். இனி அவருடைய பதிவேடு:

"இரவு 11.40. கிடங்குக்குள் காவல் பெட்டி. பட்டியலில் இல்லை. மழை வலுக்கிறது."

"இரவு 11.55. பெட்டி இல்லை. தரை முழுவதும் ஈரம். பெட்டி நின்ற சதுரம் மட்டும் காய்ந்திருக்கிறது."

"இரவு 11.25. பெட்டி இல்லை. தரை காய்ந்திருக்கிறது. மழை இன்னும் வரவில்லை, வரும்."

மூன்றாவது பதிவில் காவலர் பெட்டிக்குள் போய் வந்துவிட்டார். அதை அவர் எழுதவில்லை. எழுதினால் வேலை போய்விடும். ஆனால் நேரத்தை உள்ளபடி குறிக்க வேண்டும் என்ற பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. வரிசை தவறிய நேரமும் "வரும்" என்ற ஒற்றைச் சொல்லும் முழுக் கதையையும் சொல்லிவிடுகின்றன. எழுதுகிறவர் எதை மறைக்கிறார், எதை மறைக்க முடியாமல் போகிறார் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.

படி 4: வாசகர் அறிந்ததை நீக்குங்கள்

முதல் வரைவு முடிந்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, தொடரைப் பார்த்தவருக்குத் தேவையில்லாத ஒவ்வொரு விளக்கத்தையும் அடித்துவிடுங்கள். மேலே உள்ள மாதிரியில் டார்டிஸ் என்ற சொல்லே இல்லை, டாக்டரும் இல்லை. "பெட்டிக்குள் நுழைந்ததும் அது வெளியே தெரிந்ததைவிடப் பெரியதாக இருந்தது" என்ற வாக்கியம் எழுதத் தோன்றும். அது வந்தால் கதை படுத்துவிடும். வாசகர் அதைத் தானே நினைத்துக்கொள்ளும் மகிழ்ச்சியை நாம் பறித்தவர்களாகிவிடுவோம்.

அடிக்கக் கூடாதவையும் உண்டு. தரையின் காய்ந்த சதுரம் போன்ற புலன்வழி விவரங்கள் தொடரில் இல்லாதவை, உங்களுக்கே உரியவை. அவற்றின் தாங்குதலில்தான் வடிவம் நிற்கிறது. பொதுவாக, தொடரிலிருந்து எடுத்ததைக் குறைத்து, நீங்கள் கண்டதைப் பெருக்குவதே திருத்தத்தின் திசையாக இருக்கட்டும்.

படி 5: தமிழ் இலக்கணத்தை வேலை வாங்குங்கள்

இந்தத் தொடர்களைத் தமிழில் எழுதுகிறவருக்கு மூலமொழியில் இல்லாத கருவிகள் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் எழுதுவது பெரிய இழப்பு.

முதலாவது, "அவர்" என்ற மரியாதைப் படர்க்கை. 2017இல் ஜோடி விட்டேக்கர் டாக்டராக அறிவிக்கப்பட்டபோது முதன்முறையாக ஒரு பெண் அந்தப் பாத்திரத்தின் முதன்மை வரிசைக்குள் வந்தார். தமிழில் "அவர் எழுந்தார், அவர் சிரித்தார்" என்று எழுதிக்கொண்டே போனால், உடல் ஆணிலிருந்து பெண்ணாக மாறும் தருணத்தை இலக்கணம் காட்டிக்கொடுப்பதில்லை. அருகில் இருக்கும் தோழிதான் அதை அறிவார். வாசகருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. உரிமையோடு பழகும் பாத்திரம் ஒன்று "அவன்" என்பதிலிருந்து "அவள்" என்பதற்கு மாறத் தயங்கி, இடையில் "அவர்" என்று தூரமாகப் பேசினால், அந்தத் தயக்கமே ஒரு காட்சியாகிவிடும்.

இரண்டாவது, வினைமுற்று. யார் செய்தது என்பதை வாக்கியத்தின் கடைசி அசைவரை ஒத்திப்போட முடியும். "கதவைத் தள்ளி, விளக்கை அணைத்து, நாற்காலியில் அமர்ந்தேன்" என்பதும் "அமர்ந்தான்" என்பதும் இறுதியில் மட்டுமே பிரிகின்றன. இரண்டு ரைக்கர்களின் இரட்டைப் பத்திக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது: நான் என்று தன்னைச் சொல்பவரும் அவன் என்று சுட்டப்படுபவரும் ஒரே செயல்களின் வழியே நடந்துவந்து கடைசிச் சொல்லில் வேறாகிறார்கள்.

மூன்றாவது, வினையெச்சம். செய்து, எழுந்து, நடந்து, திரும்பி என்று முற்றுப் பெறாமல் நீளும் வாக்கியம் நம் உரைநடைக்கு இயல்பானது. முழுக் கதையையும் ஒரே வாக்கியமாக எழுதினாலும் மூச்சு முட்டாது. 2015இல் வந்த டாக்டர் ஹூ பகுதி ஒன்றில், கோட்டைக்குள் அடைபட்ட டாக்டர் அதே நாட்களைப் பல நூறு கோடி ஆண்டுகள் திரும்பத் திரும்ப வாழ்கிறார். இத்தகைய சுழற்சியை எழுதும்போது வினைமுற்றே வராத வாக்கியம் ஒன்றைத் தொடங்கி, கடைசி எச்சத்தை முதற்சொல்லோடு பொருந்தும்படி முடித்துவிடலாம். முற்றுப்புள்ளி வைக்காதீர்கள்.

படி 6: அதிகாரபூர்வ வரலாற்றோடு உறவு

ரசிகர்கள் கேனன் என்று சொல்லும் அதிகாரபூர்வ வரலாறு தொடருக்குத் தொடர் வேறுபடுகிறது. டாக்டர் ஹூவில் எது அதிகாரபூர்வமானது என்று பிபிசி வரையறுத்ததே இல்லை. ஸ்டார் வார்ஸிலோ 2014 ஏப்ரலில் அதன் தயாரிப்பு நிறுவனமான லூகாஸ்ஃபில்ம் அதுவரை வந்திருந்த நாவல்களையும் சித்திரக்கதைகளையும் 'லெஜண்ட்ஸ்' என்ற தனிப் பெயருக்குள் ஒதுக்கி, முதன்மை வரலாற்றிலிருந்து விலக்கியது. உங்கள் கதை இதோடு முரண்படாமல் இருக்க எளிய வழி, பெரிய நிகழ்ச்சிகளின் ஓரத்தில் நிற்பதுதான். முதற்காட்சிக் காவலரைப் போல ஒரு கணம் தோன்றி மறைந்தவர்கள் ஒவ்வொரு தொடரிலும் ஏராளம். முரண்படுவதே உங்கள் நோக்கமானால், ஒரு நிகழ்ச்சியில் மட்டும் முரண்பட்டு, மற்ற எல்லாவற்றிலும் துல்லியமாக இருங்கள்; அப்போதுதான் அது பிழையாக அல்லாமல் தேர்வாகத் தெரியும்.

படி 7: நீளத்தைச் சோதியுங்கள்

வடிவத்தின் புதுமை வாசகருக்குப் பழகிப்போனதும் அதன் விசை குறைந்துவிடுகிறது. மூவாயிரம் சொற்களுக்கு மேல் ஒரே உத்தியை நீட்டிப்பது அரிதாகவே பலன் தரும். கதையை விரிப்பதற்கு முன் அதைச் சரியாக நூறு சொற்களில் எழுதிப் பாருங்கள். டிராபிள் என்று அழைக்கப்படும் இந்த நூறு சொல் வடிவம் 1980களில் பிரிட்டனின் அறிபுனை ரசிகர்களிடையே தோன்றி, இன்று ரசிகர் புனைவுகளில் நிலைத்த வடிவமாகிவிட்டது. நூறு சொற்களில் உங்கள் உத்தி முழுமையாக வேலை செய்துவிட்டால், அதையே முடிந்த கதையாகக் கொள்ளலாம். உத்தி பிடிபட்ட பிறகும் அந்த மனிதரைப் பற்றி இன்னும் தெரிய வேண்டியது இருக்கிறது என்று தோன்றினால் மட்டுமே விரியுங்கள்.

படி 8: இரண்டு வாசகர்கள்

ஒருவர் தொடரை நன்கு அறிந்தவர். மற்றவர் அதைப் பார்த்தே இராதவர். முதலாமவரிடம் கதையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவருடைய பதில் நீங்கள் மனத்தில் வைத்திருந்ததோடு பொருந்தாவிட்டால், நான்காம் படியில் அளவுக்கு மிஞ்சி நீக்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டாமவரிடம் அந்தக் கேள்வி வேண்டாம். கதையில் உள்ள மனிதருக்கு என்ன வேண்டும், எதற்கு அவர் அஞ்சுகிறார் என்று மட்டும் கேளுங்கள். காவலர் பதிவேட்டைப் படிக்கும் புதியவருக்குக் காலக்கலம் தெரியாமல் போகலாம். ஒருவர் தன் கடமைக்கும் தான் கண்டதற்கும் இடையில் அகப்பட்டிருக்கிறார் என்பது அவருக்கும் எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் விளக்கத்தைச் சேர்க்காதீர்கள். காவலர் எதை இழக்கக்கூடும் என்பதைக் காட்டும் பதிவு ஒன்றைச் சேருங்கள்.

படி 9: உரிமையும் வெளியீடும்

இந்த உலகங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பணம் வாங்காமல் எழுதினால் எல்லாம் சட்டப்படி சரி என்று எண்ணிவிடக் கூடாது; உரிமையாளர்கள் பெரும்பாலும் லாப நோக்கமற்ற ரசிகர் புனைவைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பதே நடைமுறை. ஒரே தொடருக்குள்ளும் உரிமைகள் பிரிந்திருக்கலாம்: டாக்டரின் பகை இனமான டாலெக்குகளைப் படைத்த எழுத்தாளர் டெர்ரி நேஷன் அவற்றின் மீதான தம் பங்கு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் டாக்டர் ஹூ உரிமம் பெற்ற பதிப்பாளர்கூட டாலெக் இடம்பெறும் கதைக்கு அவர் வாரிசுகள் தரப்பின் ஒப்புதலையும் பெற வேண்டியிருக்கிறது. ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்கு 1998 முதல் 2007 வரையிலும், பிறகு ஐம்பதாம் ஆண்டையொட்டி 2016இலும், போட்டி நடத்தி வென்ற கதைகளை அச்சில் வெளியிட்ட அதிகாரபூர்வத் தொகுப்பு வரிசை ஒன்று இருந்தது. இப்படிப்பட்ட அழைப்பு வரும்போது அதன் விதிகளை வரிக்கு வரி படித்து அனுப்புங்கள். அழைப்பில்லாத நேரத்தில் பதிப்பாளருக்குக் கைப்பிரதியை அனுப்புவதில் பயனில்லை. பெரும்பாலும் பிரிக்காமலேயே திரும்பிவிடும்.

மற்றபடி, 2009 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற லாப நோக்கமற்ற களஞ்சியம் தமிழ்க் கதைகளுக்கும் ஏற்றது. அங்கே விளம்பரம் இல்லை. கதைக்குப் பணம் கேட்கவும் கூடாது. பதிவேற்றும்போது தொடரின் பெயரையும், எந்த டாக்டரின் காலம் அல்லது எந்தக் கப்பலின் குழு என்பதையும் குறிச்சொற்களில் தவறாமல் கொடுங்கள். தேடிவரும் வாசகர் அவற்றை வைத்துத்தான் உங்களை அடைகிறார். வரிசை தவறிய நேரங்களோ இரட்டைப் பத்திகளோ முற்றுப்புள்ளியின்மையோ தட்டச்சுப் பிழையல்ல என்று ஒரு வரி முன்குறிப்பு எழுதலாம். அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதை அந்த முன்குறிப்பில் சொல்லிவிடாதீர்கள்.